சீல் உடைத்துப் பாருங்கள்: கொழும்பில் கலெக்டர்ஸ் எடிஷன் டிஸ்க் வாங்குவதும் வைத்திருப்பதும்

வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ கடற்பக்கம் யன்னல் திறக்கும் வீட்டில், திரைப்பட டிஸ்க் வரும் உலோகப் பெட்டியான ஸ்டீல்புக் ஒன்றை வந்தபடியே பொலித்தீன் சுற்றோடு அலுமாரியில் வைத்துவிட்டால், சில மழைக்காலம் போக முதுகுப்பக்க மடிப்பில் கடுகளவு மண்ணிறப் புள்ளிகள் தெரியும். அதுதான் கறள். ஸ்டீல்புக் என்பது தகரம் பூசிய இரும்புத் தகடு. அச்சும் வார்னிஷும் மேலே காவலுக்கு இருந்தாலும், வெட்டிய ஓரத்திலும் வளைத்த மடிப்பிலும் அந்தப் பூச்சு மெல்லிசு. சுற்றியிருக்கும் பொலித்தீனில் காற்றுப் போக ஊசித்துளைகள் உண்டு. அவற்றின் வழியே உப்புக்காற்றும் ஈரமும் உள்ளே போய்த் தங்கிவிடும்.

சீல் உடையாத பிரதிக்குத்தான் மதிப்பு என்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பலர் சொல்வார்கள். குளிரும் வறட்சியுமான ஊருக்கு அது பொருந்தலாம். வருடம் முழுக்க 27, 28 பாகையும் 75 வீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதனும் உள்ள கொழும்பில், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒரு பெட்டியைப் பூட்டி வைப்பது ஆபத்து. வந்த அன்றே திறந்து, சோதித்து, பிறகு ஈரத்திலிருந்து காப்பாற்றுவதே இங்கே சரியான முறை. ஆனால் அதற்கு முன் எதை வாங்குவது என்ற கேள்வி இருக்கிறது.

பெட்டிக்கு முன் படம்

அறிவியல் புனைகதைப் படங்களில் ஒரே படத்துக்குப் பல வடிவங்கள் இருப்பது வழமை. பெட்டியின் அட்டையைப் பார்த்து வாங்கினால் நீங்கள் தேடும் வடிவம் உள்ளே இல்லாமல் போகலாம். நல்ல உதாரணம் பிளேட் ரன்னர். 2007 இல் அலுமினியப் பெட்டி போன்ற கைப்பெட்டியில், பறக்கும் காரின் சிறு மொடலோடு வந்த 5 டிஸ்க் பதிப்பில் படத்தின் 5 வடிவங்கள் இருந்தன: வெளியீட்டுக்கு முந்திய பரீட்சார்த்தப் பிரதி, 1982 இன் அமெரிக்க வடிவம், அதே ஆண்டின் சர்வதேச வடிவம், 1992 இன் இயக்குநர் வடிவம், 2007 இன் இறுதி வடிவம். 2017 இல் 4கே (சாதாரண ப்ளூரேயைவிடக் கூர்மையான படத்தரம்) டிஸ்க் வந்தபோது 4கே தரத்தில் கிடைத்தது இறுதி வடிவம் மட்டுமே. 1982 வடிவங்களின் பின்னணிக் குரல் உங்களுக்கு வேண்டுமென்றால், புதிய பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வடிவம் உள்ள ப்ளூரேயும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். குளோஸ் என்கவுன்டர்ஸுக்கு 1977, 1980, 1998 என்று 3 வடிவங்கள். அவதார் படத்தின் 2010 விரிவான பதிப்பிலும் 3 வடிவங்கள். ஸ்டார் வோர்ஸ் 2020 இல் 27 டிஸ்க் பெட்டியாக வந்தும்கூட, முதல் மூன்று படங்களின் மாற்றம் செய்யப்படாத திரையரங்கு வடிவம் அதில் கிடையாது.

இரண்டாவது கேள்வி, படத்தைப் புதுப்பித்தது யார், எப்படி என்பது. 2018 இல் வந்த 2001: எ ஸ்பேஸ் ஒடிசி 4கே டிஸ்க் 65 மி.மீ. மூல நெகட்டிவிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் கறுப்பும் ஃபிலிமுக்கே உரிய நுண்துகளும் (கிரெயின்) இன்னும் பலருக்கு அளவுகோல். அந்தக் கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 இல் இங்கே வந்து குடியேறி, 2008 இல் காலமாகும்வரை இந்த நகரத்து மனிதராக இருந்தவர். கொழும்பில் ஒருவர் சேகரிப்பைத் தொடங்க இதைவிட நல்ல டிஸ்க் இல்லை என்பதே எம் கருத்து. மறுபக்கம், டெர்மினேட்டர் 2 இன் 2017 4கே பதிப்பு. முழு அளவு இயந்திரக் கையோடு ஒரு சிறப்புப் பெட்டியும் வந்தது. பார்க்கக் கம்பீரமான பெட்டி, ஆனால் உள்ளேயிருக்கும் படத்தில் ஃபிலிம் துகளைத் துடைத்தெடுத்ததில் முகங்கள் மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாகிவிட்டன. 2024 இல் ஏலியன்ஸ் 4கே டிஸ்க் வந்தபோதும் இதே வாக்குவாதம் எழுந்தது. வாங்க முன் ஒரே காட்சியின் பழைய, புதிய பிரேம்களை அருகருகே போட்டு ஒப்பிடும் தளங்களைப் பாருங்கள். முகத்தையும் தலைமயிரையும் கவனித்தால் போதும். தலைமயிர் இழையிழையாகத் தெரியாமல் ஒரே பூச்சாகத் தெரிந்தால் அந்தப் பதிப்பை விட்டுவிடலாம்.

திரை அளவும் அப்படித்தான். இன்டர்ஸ்டெல்லர் டிஸ்க்கில் ஐமாக்ஸ் காட்சிகள் வரும்போது கறுப்புப் பட்டை விலகிப் படம் டிவியை நிறைக்கும். டியூன் படங்களை ஐமாக்ஸில் பார்த்தவர்கள் அதையே எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். அந்த டிஸ்க்குகளில் படம் முழுக்க உயரத்தின் 2.39 மடங்கு அகலத்தில்தான். உங்கள் டிவியில் எந்தப் பழுதும் இல்லை.

ரீஜியனும் கரண்டும்

4கே யுஎச்டி டிஸ்க்குக்கு ரீஜியன் பூட்டு (ஒரு பிராந்தியத்து டிஸ்க்கை வேறு பிராந்தியத்துப் பிளேயரில் ஓடவிடாத தடை) இல்லை. லண்டனில் வாங்கினாலும் டொரொண்டோவில் வாங்கினாலும் எந்த யுஎச்டி பிளேயரிலும் ஓடும். சிக்கல் அதே பெட்டிக்குள் கூட வரும் சாதாரண ப்ளூரே டிஸ்க்கில். பழைய வடிவங்களும் தயாரிப்பு ஆவணப்படங்களும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும், அதற்குப் பூட்டு இருக்கலாம். இலங்கையும் இந்தியாவும் சி ரீஜியன். கனடா, அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான் எல்லாம் ஏ. பிரிட்டன், ஐரோப்பா, அவுஸ்திரேலியா, மத்திய கிழக்கு பி. டுபாயில் இருக்கும் அண்ணா வாங்கி அனுப்பும் பிளேயரில் கனடாவிலிருந்து மாமி கொண்டுவரும் பூட்டிய ப்ளூரே ஓடாது. பெரிய ஸ்டூடியோக்களின் டிஸ்க்குகள் பல பூட்டில்லாதவை. சிறு நிறுவனங்களின் வரையறுக்கப்பட்ட பதிப்புகளில்தான் பூட்டு அதிகம். ஒவ்வொரு டிஸ்க்கையும் வாங்க முன் தனித்தனியே பாருங்கள். எல்லா ரீஜியனும் ஓடும்படி மாற்றியமைத்த பிளேயர் ஒன்றை ஒரு தடவை விலை கொடுத்து வாங்கினால் இந்தக் கணக்கே தேவைப்படாது.

பிளேயரைத் தேடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒப்போ 2018 இலும் சாம்சுங் 2019 இலும் இந்தத் துறையை விட்டுப் போய்விட்டன. தனிப் பிளேயரில் சோனியின் எக்ஸ்700, எக்ஸ்800எம்2, பனசொனிக்கின் யூபி820 ஆகியவை நம்பகமானவை. டிஸ்க் வாசிக்கும் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே டிஸ்க்கை ஓட்டும், ஆனால் டொல்பி விஷன் என்ற கூடுதல் ஒளி, நிறத் தரத்தை டிஸ்க்கிலிருந்து தராது. பிளேஸ்டேஷன் 4 புரோ என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது 4கே டிஸ்க்கை வாசிக்கவே வாசிக்காது.

கனடா, அமெரிக்காவிலிருந்து வரும் பிளேயரைச் சுவரில் செருக முன் பின்பக்க லேபலைப் பாருங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் எமது 230 வோல்ட்டில் மின்வழங்கல் பகுதி அந்த நொடியே கருகிவிடும். அதற்கு இறக்கு மின்மாற்றி வேண்டும். அந்தப் பிளேயர்களில் இன்னொரு குறை: பிரிட்டன் டிஸ்க்குகளில் வரும் 50 ஹேர்ட்ஸ் உபரிக் காட்சிகளைப் பல அமெரிக்க பிளேயர்கள் காட்டாது. படம் ஓடும், ஆவணப்படம் ஓடாது. டிஸ்க் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கொழும்புக்குக் கொண்டுவருதல்

பிரிட்டன் கடைகள் சில வெளிநாட்டு ஓடருக்கு அங்குள்ள 20 வீத வற் வரியைக் கழித்துவிடும். முகவரியைப் போட்டுப் பார்த்தால் விலை இறங்குகிறதா என்று தெரியும். இங்கே இறக்குமதி வரி கணக்கிடப்படுவது பொருளின் விலை, அனுப்பும் செலவு, காப்புறுதி மூன்றையும் கூட்டிய தொகையில். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம், மற்ற வரிகள் அதற்கு மேலே. ஆகவே அனுப்பும் செலவு கூடக்கூட வரியும் கூடும்.

கூரியர் நிறுவனங்கள் பெரிய பெட்டிக்குக் கன அளவு நிறை பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது பொதுவான கணக்கு. 40 × 30 × 25 பெட்டி என்றால் 6 கிலோ. உள்ளே 2 கிலோதான் இருந்தாலும் 6 கிலோவுக்குத்தான் காசு. சிலை, மொடல், தலைக்கவசம் வரும் பதிப்புகளில் ஆட்கள் அதிர்ச்சியடைவது இந்த இடத்தில்தான். அனுப்புபவர் படிவத்தில் பதிவு செய்யப்பட்ட ப்ளூரே திரைப்பட டிஸ்க் என்று எழுதட்டும். சுங்க வகைப்படுத்தலில் அது 8523.49. வெறுமனே சேகரிப்பு மொடல் என்று எழுதினால் விளையாட்டுப் பொருட்களின் 95 ஆம் அத்தியாயத்துக்குள் போய், விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரலாம். தபாலில் வந்தால் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள மத்திய தபால் பரிமாற்றகத்திலிருந்து அறிவித்தல் வரலாம். அதோடு அடையாள அட்டையும், காசு கட்டிய பில்லின் அச்சுப் பிரதியும் கையில் இருக்க வேண்டும். போனில் காட்டலாம் என்று போகாதீர்கள்.

பொதி கட்டும் முறையைக் கடைக்கு முன்கூட்டியே எழுதுங்கள்: குமிழ் உறை வேண்டாம், மட்டைப்பெட்டி வேண்டும், ஸ்டீல்புக்கைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி வேண்டும். குமிழ் உறையில் வரும் ஸ்டீல்புக்கில் நசிவது பெரும்பாலும் முதுகின் மேல், கீழ் மூலைகள். ஒருமுறை நசிந்த தகடு பழைய வடிவத்துக்கு வராது. சொந்தக்காரர் கொண்டுவந்தால் கைப்பைக்குள் நிமிர்த்தி, இரண்டு தடித்த புத்தகங்களுக்கிடையில் வைக்கச் சொல்லுங்கள்.

வந்த அன்றே

பார்சலின் ஆறு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிட்டுப் பிரியுங்கள். பழுது முறைப்பாட்டுக்கு அதுதான் சான்று. உள்ளிருப்பதை எடுத்துக் காதருகே மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் டிஸ்க் நடுப்பிடியிலிருந்து கழன்று உள்ளே உரசிக்கொண்டிருக்கிறது. இதுபோன்ற பிரதியைத்தான் சிலர் சீலோடு பத்து வருடம் பத்திரப்படுத்துகிறார்கள்.

பொலித்தீனைக் கத்தியால் வெட்ட வேண்டாம். கீழ் விளிம்பில் ஒட்டுப்போட்ட மடிப்பை நகத்தால் கிளப்பி இழுத்தால் வந்துவிடும். ஸ்டீல்புக்கின் பின்னால் தொழில்நுட்ப விபரம் அச்சிட்ட கடுதாசி ஒன்று பசைப் பொட்டுகளில் ஒட்டியிருக்கும். இங்கத்தைய வெக்கையில் அந்தப் பசை இளகித் தகட்டில் பரவும், ஆகவே நாளைக்கென்று விடாதீர்கள். ஹெயார் டிரையரை இளஞ்சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து 20 விநாடி காட்டுங்கள். ஒரு மூலையிலிருந்து கடுதாசியைத் தகட்டோடு படிய மடித்தபடி மெதுவாக உருட்டி எடுங்கள், நேரே மேலே இழுத்தால் கிழியும். மிஞ்சும் பசையை ஒரு மணியாக உருட்டி, அந்த மணியாலேயே மற்றத் துணுக்குகளை ஒற்றி ஒற்றி எடுங்கள். பசை பசையோடுதான் ஒட்டும், அச்சில் கீறல் விழாது. மினுக்கமில்லாத மேற்பரப்பில் ஸ்பிரிட் எதுவும் படக்கூடாது, பட்ட இடம் பளபளப்பான வட்டமாக நிரந்தரமாக நின்றுவிடும்.

டிஸ்க்கை எடுக்கும்போது நடுப்பிடியை ஒரு விரலால் அமத்திக்கொண்டு விளிம்பைத் தூக்குங்கள். வில்லுப்போல் வளைய விடாதீர்கள். 4கே படங்கள் வரும் 100 ஜிபி டிஸ்க்கில் மூன்று தகவல் படைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன, வாசிக்கும் பக்கத்தில் இருந்து சுமார் 0.1 மி.மீ. ஆழத்துக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும். டிவிடியில் அந்த ஆழம் 0.6 மி.மீ. மேலே கடினப் பூச்சு இருப்பதால் சிறு உரசலைத் தாங்கும், ஆனால் விரலடையாளமும் எண்ணெய்ப்பசையும் டிவிடியைவிட இதில்தான் கூடத் தொல்லை தரும்.

யன்னல் வெளிச்சத்தில் டிஸ்க்கைச் சாய்த்துப் பாருங்கள். நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற வளையத்தில் அச்சுக்கூட எண்ணும், ஐஎஃப்பிஐ என்ற நான்கு எழுத்தோடு தொடங்கும் நுண்ணிய குறியீடும் இருக்கும். போலியில் இது இல்லாமலோ தேய்ந்த மாதிரியோ இருக்கும். வாசிக்கும் பக்கம் கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் அது வீட்டு ரைட்டரில் எரித்த டிஸ்க். அச்சிட்ட படம் மங்கலாக இருப்பதும், எங்கும் அதிகாரபூர்வமாக வராத திரட்டுப் பெட்டி மலிவு விலையில் கிடைப்பதும் அடுத்த அடையாளங்கள்.

பிறகு ஓடவிடுங்கள். தொடக்கத்தில் ஐந்து நிமிடம், மூன்றில் ஒரு பங்கு தாண்டும் இடத்திலும் மூன்றில் இரண்டு பங்கு தாண்டும் இடத்திலும் பத்துப் பத்து நிமிடம், கடைசி ஐந்து நிமிடம். 100 ஜிபி டிஸ்க்கில் லேசர் ஒரு படையிலிருந்து அடுத்ததுக்கு மாறுவது அந்த இடங்களை ஒட்டித்தான், படம் உறைந்து நிற்பதும் அங்கேதான். கூட வரும் ப்ளூரே டிஸ்க்குகளையும் மறக்காமல் போட்டுப் பாருங்கள். எண்ணிட்ட பதிப்பென்றால் பெட்டியின் எண்ணும் சான்றிதழின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். திருப்பி அனுப்பும் காலம் பெரும்பாலும் சில வாரம்தான். சீலோடு வைத்தவருக்கு அந்த உரிமை தானாகவே போய்விடும்.

படம் உறைந்து நின்றால்

புது டிஸ்க்கும் அழுக்காக இருக்கலாம். அச்சுக்கூடத்திலிருந்தும் மட்டை உறையிலிருந்தும் மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டு வரும். மைக்ரோ ஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தகவல் பாதையின் வழியே நீளமாக ஓடும், லேசரால் அதைத் தாண்ட முடியாது. குறுக்காக விழும் கீறலை டிஸ்க்கிலுள்ள பிழைதிருத்தக் குறியீடு சமாளித்துவிடும். துடைத்தும் போகாவிட்டால் ஐசோபுரோப்பைல் அல்கஹோலைத் துணியில் சில துளி விடுங்கள். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தந்தால் வாங்காதீர்கள், அதில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கலாம், புதிய படலம் விழும். தின்னரும் அசிட்டோனும் டிஸ்க்கையே கரைக்கும்.

அதற்கும் சரிவராவிட்டால் பிளேயரின் பிளக்கைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு மீண்டும் போடுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள். வேறு இரண்டு மூன்று 100 ஜிபி டிஸ்க்கும் அதே மாதிரி நின்றால் பழுது பிளேயரின் லேசரில். ஒன்று மட்டும் நின்றால் டிஸ்க்கை மாற்றக் கேளுங்கள். ஏசி அறையிலிருந்த பிளேயரை ஏசியில்லாத ஹோலுக்குத் தூக்கிவந்த உடனே போடாதீர்கள். குளிர்ந்த வில்லையில் ஈரம் படியும், ஒரு மணித்தியாலமாவது பொறுங்கள்.

படம் ஓடியும் நிறம் வெளிறியிருந்தால் டிவியின் அந்த எச்டிஎம்ஐ வாசலுக்குரிய விரிவு சமிக்ஞை (Enhanced) அமைப்பு அணைந்திருக்கலாம், அதைப் போடுங்கள். கேபிள் 18 கிகாபிட் தாங்குவதாக இருக்க வேண்டும், இல்லையேல் திரை இடையிடையே கறுக்கும். அட்மொஸ் ஒலி வராவிட்டால் பிளேயரில் இரண்டாம் ஒலிக் கலவையை அணையுங்கள். டிவி வழியாக ஒலிக்கருவிக்குப் போகிறதென்றால் டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியே ஒலியை அனுப்பும் சாதாரண ஏஆர்சி வசதி போதாது, அதன் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி வேண்டும்.

ஈரத்தில் காப்பது

பலர் செய்யும் தவறு, பள்ளிப் புத்தகத்துக்குப் போடும் மென்பிளாஸ்டிக் உறையை ஸ்டீல்புக்குக்குப் போடுவது. அது பிவிசி. வெக்கையில் அதன் எண்ணெய் கசிந்து அச்சோடு ஒட்டும், உரிக்கும்போது சாயமும் சேர்ந்து வரும். பொலிபுரோப்பிலீன் அல்லது பெற் பிளாஸ்டிக்கில் செய்த அளவான உறை வேண்டும். அதைப் போட முன் தகட்டைக் காய்ந்த துணியால் துடைத்து உப்பை எடுத்துவிடுங்கள்.

அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். டிஸ்க் பெட்டிகள் நிமிர்ந்து, ஒன்றையொன்று நெரிக்காமல் நிற்கட்டும். சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வையுங்கள், 45 முதல் 55 வீதம் இலக்கு. திறந்த தட்டில் இது கைகூடாது. கமராக்காரர்கள் பாவிக்கும் உலர் அலுமாரி கட்டுப்படியாகாவிட்டால் இறப்பர் விளிம்புள்ள இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி போதும். 20 லீற்றர் பெட்டிக்குச் செம்மஞ்சள் நிறச் சிலிக்கா ஜெல் 200 கிராம், பருத்திப் பையில் கட்டிப் போடுங்கள். மணிகள் கரும்பச்சையானால் 110 பாகை அவனில் இரண்டு மணித்தியாலம் காயவைத்து, ஆறியபின் திரும்பப் போடலாம். சூட்டைக் கூட்டினால் நிறங்காட்டி செத்துவிடும். ஈரப்பதன் 35 வீதத்துக்குக் கீழே இறங்கவும் விடாதீர்கள், மட்டை உறை வளைந்து திறக்கும்.

கறள் புள்ளி ஏற்கனவே விழுந்திருந்தால் தேய்க்காதீர்கள், சுற்றியுள்ள அச்சும் போய்விடும். உலர்பெட்டிக்குள் வைத்தால் அது பரவுவது நிற்கும். டிஸ்க்கில் பூஞ்சணம் சிலந்திவலைபோல் படர்ந்திருந்தால் மேலே சொன்ன அல்கஹோல் துடைப்பு போதும். அந்த டிஸ்க் இருந்த உறையின் உட்புறத்தையும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

மொடலோடு வரும் பெரிய பெட்டிகளில் கவனம் இரண்டு இடத்தில் வேண்டும். ஒன்று பற்றரி. 2010 இல் ஏலியன் தொகுப்பு ஒளிரும் முட்டையோடு வந்ததுபோல விளக்கு, சத்தம் உள்ள பதிப்புகளில் பற்றரியைக் கழற்றித் தனியே வையுங்கள். ஈரத்தில் அது கசிந்து தொடுகம்பியைப் பச்சையாக அரித்துவிடும். மற்றது, மொடலைத் தாங்கும் கறுப்புப் பஞ்சு. பொலியுரெத்தேன் பஞ்சு ஈரத்தோடு சேர்ந்து சிதையும். முதலில் விரலில் ஒட்டும், பிறகு பொடியாக உதிரும், இடையில் மொடலின் சாயத்தையும் டிஸ்க் உறையையும் பிடித்துக்கொள்ளும். வருடத்துக்கொருமுறை விரலால் அமத்திப் பாருங்கள். அமத்திய பள்ளம் உடனே எழும்பாமல் நின்றால் பஞ்சை எடுத்தெறிந்துவிட்டு, தடித்த பொலியெதிலீன் பஞ்சில் அதே அளவுக்கு வெட்டிப் போடுங்கள். பழைய பஞ்சின் வடிவத்தை முதலில் கடுதாசியில் வரைந்துகொண்டால் மொடல் அதே இடத்தில் உட்காரும்.